மூன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள், ஒரு விண்ணப்பம்

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய வருடம் வந்ததும் நான் முதலில் செய்த வேலை, ஒரு நோட்டில் கட்டம் போட்டதுதான். மேலே மூன்று பள்ளிகள். இடப்பக்கம் தேர்ச்சி விகிதம், வகுப்பில் எத்தனை பேர், எவ்வளவு தூரம், கட்டடம், நூலகம், விளையாட்டு இடம் என்று வரிசையாக. மூன்றுமே அரசுத் தொடக்கப் பள்ளி. மூன்றிலும் ஒரே பாடத்திட்டம். மூன்றுக்கும் நாங்கள் விண்ணப்பிக்கலாம். கட்டத்தை நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று போட்டுக் கூட்டினால் விடை வந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் அந்தக் கட்டத்தில் பாதியை அடித்துவிட்டேன்.

பள்ளிகளின் பெயர் வேண்டாம். ஒன்று பேரெடுத்த பள்ளி. ஒவ்வொரு வகுப்பிலும் 4 பிரிவு, தேர்வு முடிவில் சுற்றுவட்டாரத்திலேயே முதலிடம், வீட்டிலிருந்து பேருந்தில் 40 நிமிடம். இரண்டாவது பக்கத்துப் பள்ளி. நடந்தால் 8 நிமிடம், வகுப்புக்கு 2 பிரிவு, முடிவுகள் சுமார். மூன்றாவது சின்னப் பள்ளி. மொத்தமே 62 பிள்ளைகள். ஒன்றையும் இரண்டையும் சேர்த்து ஓர் ஆசிரியர், மூன்றையும் நான்கையும் சேர்த்து ஒருவர், ஐந்தாம் வகுப்புக்குத் தலைமை ஆசிரியரே. பேருந்தில் 15 நிமிடம்.

தேர்ச்சி விகிதம் யாரைப் பற்றிச் சொல்கிறது

பேரெடுத்த பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் தேர்வில் உரிய நிலையை எட்டியவர்கள் 93 சதவீதம். பக்கத்துப் பள்ளியில் 76. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் யாருக்கும் கை 93 பக்கம்தான் போகும். எனக்கும் போயிற்று. பிறகு ஒருநாள் காலை அந்தப் பள்ளி வாசலில் அரை மணி நேரம் சும்மா நின்றேன். பிள்ளைகளை இறக்கிவிட வந்தவர்களின் பேச்சில் பள்ளி ஆசிரியர்களைவிட டியூஷன் ஆசிரியர்களின் பெயர்தான் அதிகம் அடிபட்டது. எந்த நாளில் கணக்கு, எந்த நாளில் ஆங்கிலம், யாரிடம் இடம் கிடைக்கும் என்பதுதான் பேச்சு. அந்த 93-இல் பள்ளி சொல்லிக் கொடுத்தது எவ்வளவு, மாலையில் வேறொரு வீட்டு முன்னறையில் நடந்தது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளரின் தலைமையில் சுமார் 4,000 பள்ளிகளையும் 6 லட்சம் மாணவர்களையும் வைத்து நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பின் அறிக்கை வெளிவந்தது. பள்ளிக்குப் பள்ளி உள்ள வசதி வேறுபாட்டைவிட, பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதே மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப் போகிறது என்று அந்த அறிக்கை சொன்னது. அதன் கணக்கு முறை பற்றி அப்போது தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் வீட்டின் கை பெரிது என்ற அந்த அடிப்படைச் செய்தி பிறகு வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. படித்த, வசதியான பெற்றோர் அதிகமுள்ள பள்ளிக்கு நல்ல முடிவு வரும். நல்ல முடிவைப் பார்த்து அதே மாதிரிப் பெற்றோர் மேலும் அங்கே போவார்கள். பள்ளி தூங்கிக்கொண்டிருந்தாலும் சக்கரம் சுற்றும்.

எந்த உயரத்தில் நிற்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு ஏறினார்கள் என்று பார்த்தால் படமே மாறிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களின் தேர்வு முடிவுகளை இப்படிப் பார்த்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சிகாகோ அரசுப் பள்ளி மாணவர்களின் சராசரி, நாட்டுச் சராசரிக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் 2009-க்கும் 2014-க்கும் இடையில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள், அந்த 5 ஆண்டுகளில் 6 ஆண்டுக்கு உரிய அளவு முன்னேறியிருந்தார்கள். வெறும் சராசரியை மட்டும் பார்த்து ஒதுக்கியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

அதனால் நானும் கேட்டுப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு முடித்த அதே பிள்ளைகள், மூன்றாம் வகுப்பில் இருந்தபோது என்ன நிலையில் இருந்தார்கள்? பேரெடுத்த பள்ளியில் 92, பிறகு 93. பக்கத்துப் பள்ளியில் 61, பிறகு 76. இதையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. 92-இல் இருக்கும் பள்ளிக்கு ஏற மிச்சம் இருப்பது 8 படிதான். இடையில் சேர்ந்தவர்களும் விலகியவர்களும் கணக்கில் கலந்திருப்பார்கள். இருந்தாலும், மூன்றாம் வகுப்பில் பின்தங்கியிருந்த ஒரு கூட்டத்தை இரண்டு வருடத்தில் யாரோ தள்ளி மேலே ஏற்றியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. எனக்கு அந்த 'யாரோ'வைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

சின்னப் பள்ளியின் எண்கள் வேறு வேடிக்கை காட்டின. போன வருடம் 92. அதற்கு முந்தைய வருடம் 58. ஒரே வருடத்தில் என்ன மாயம் நடந்தது என்று தலைமை ஆசிரியரைக் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். ஐந்தாம் வகுப்பில் இருப்பதே 12 பேர். அதில் உரிய நிலையை எட்டியவர்கள் போன வருடம் 11 பேர், முந்தைய வருடம் 7 பேர். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் 8 சதவீதம் போய்விடும். 136 பேர் எழுதுகிற பேரெடுத்த பள்ளியில் ஒரு பிள்ளையின் கனம் 1 சதவீதம்கூட இல்லை. தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இரு பொருளியலாளர்கள் வட கரோலினா பள்ளிகளின் முடிவுகளை ஆராய்ந்து இதைத்தான் காட்டினார்கள். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் சின்னப் பள்ளிகளே அதிகம் வந்து நிற்கும், அதில் பெரும்பகுதி அதிர்ஷ்டத்தின் ஆட்டம். உங்கள் பட்டியலில் ஒரு சின்னப் பள்ளி இருந்தால் ஒரு வருட எண்ணைப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு வருடத்தைக் கூட்டிச் சராசரி எடுங்கள், அல்லது அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

எண்ணுக்கு மேல் எல்லோருடைய கண்ணும் இருந்தால் எண்ணே கெட்டுப்போகும் என்ற ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2009-ஆம் ஆண்டுத் தேர்வுகளில் விடைத்தாள்களைத் திருத்தி எழுதியது, 2011-இல் மாநில விசாரணையில் வெளியே வந்தது. 44 பள்ளிகள், 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும். இது கோடியில் நடப்பது. ஆனால் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே ஓவியமும் விளையாட்டும் நின்றுபோய், மாதிரி வினாத்தாள் மட்டும் ஓடுவது சாதாரணமாக நடப்பது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை யாரையாவது பிடித்து "கடைசியா எப்ப படம் வரைஞ்சே?" என்று கேட்டால் போதும்.

அரசு தருகிற தரச்சான்றும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு பல வருடமாகப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதிவந்தது. அதில் மிகச் சிறப்பு என்று பெயர் வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்விலிருந்தே விலக்கு இருந்தது. வாசலில் தொங்கிய பலகை பத்து வருடப் பழையதாக இருந்தாலும் பெற்றோர் அதை நேற்று எழுதியதாக நினைத்துப் படித்தார்கள். 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல் தீர்ப்பையே எடுத்துவிட்டார்கள். சான்றிதழைப் பார்த்தால் முதலில் தேதியைப் பாருங்கள். அப்போது இருந்த தலைமை ஆசிரியர் இப்போதும் இருக்கிறாரா என்று அடுத்துக் கேளுங்கள்.

வகுப்பில் எத்தனை பேர்

பேரெடுத்த பள்ளியில் ஒரு பிரிவில் 34 பேர். பக்கத்துப் பள்ளியில் 28. சின்னப் பள்ளியில் ஒன்றும் இரண்டும் சேர்ந்து 25.

இந்த ஒரு விஷயத்தில் நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கி 4 ஆண்டுகள், மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை ஒரு சோதனை நடத்தினார்கள். 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பு ஒரு பக்கம், 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பு ஒரு பக்கம், அதே 22-25 பேருக்கு ஆசிரியரோடு ஓர் உதவியாளரும் உள்ள வகுப்பு இன்னொரு பக்கம். பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் போலப் பிரித்துப் போட்டார்கள். பெற்றோர் தேர்ந்தெடுத்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். உதவியாளரைச் சேர்த்ததால் பெரிய பலன் தெரியவில்லை.

ஆனால் இந்தச் சோதனையில் 15-க்கும் 24-க்கும் உள்ள இடைவெளி இருந்தது. என் கட்டத்தில் இருந்ததோ 34-க்கும் 28-க்கும் உள்ள இடைவெளி. அதோடு, வகுப்பைச் சின்னதாக்கினால் ஆசிரியர் அதிகம் வேண்டும். கலிஃபோர்னியா 1996-இல் மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை 20 பேர் என்று மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தபோது, முழுத் தகுதி இல்லாதவர்களையும் அவசரமாக வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் எண்ணைக் கேட்டதோடு நிற்காமல், அந்த வகுப்பை நடத்துவது யார், எத்தனை வருடமாக நடத்துகிறார் என்றும் கேட்டேன். டெக்சஸ் மாநிலத் தரவுகளை வைத்து ரிவ்கின், ஹனுஷெக், கெய்ன் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர் தரத்தில் தெரிந்த வேறுபாட்டின் பெரும்பகுதி ஒரே பள்ளிக்குள்தான் இருந்தது. எந்தப் பள்ளி என்று மண்டையை உடைத்துக்கொள்கிற நாம், உள்ளே போனதும் 'ஏ' பிரிவா 'பி' பிரிவா என்பதைத் திருவுளச்சீட்டுக்கு விட்டுவிடுகிறோம்.

பேரெடுத்த பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் நான்கு பேரில் மூன்று பேர் அந்த வருடம் புதிதாக வந்தவர்கள். அனுபவசாலிகளை ஐந்தாம் வகுப்புக்கு மேலேற்றிவிடுவது அங்கே வழக்கமாம், தேர்வு இருக்கிறதே. பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு 'ஏ' பிரிவு ஆசிரியை 11 வருடமாக ஒன்றாம் வகுப்பைத் தவிர வேறெதையும் எடுத்ததில்லை. கேட்டுத்தான் வாங்கிக்கொள்வாராம்.

உள்ளே போய் உட்கார்ந்தபோது

மூன்று பள்ளியிலும் அனுமதி கேட்டு இரண்டாம் வகுப்பில் ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்தேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். ஆண்டு விழாவுக்கும் திறந்த நாளுக்கும் போவது கல்யாண வீட்டில் பெண் பார்ப்பது மாதிரி. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை போக வேண்டும்.

பேரெடுத்த பள்ளியில் பாடம் மடமடவென்று ஓடியது. ஆசிரியை கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கச் சேர்ந்திசை போலப் பதில். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி. அவள் உதடும் அசைந்தது, ஆனால் மற்றவர்களைவிட அரை நொடி பிந்தி. பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியையின் கண் ஒரு முறைகூட அந்தப் பெஞ்சுக்கு வரவில்லை. 34 பேர், பாவம், அவரும் என்ன செய்வார்.

பக்கத்துப் பள்ளியில் ஒரு பையன் எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தான். வரியின் கீழ் விரல் நகர்ந்து 'குருவிக்கூடு' வந்ததும் நின்றுவிட்டது. 'குருவி' வந்தது. அடுத்த 'க்' அவனைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பிள்ளை சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தாள். ஆசிரியை அவளைப் பார்த்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். வகுப்பு காத்திருந்தது. எனக்கே பொறுக்கவில்லை, பத்துப் பன்னிரண்டு நொடி இருக்கும். பையன் 'கூ' என்றான், 'டு' என்றான், மறுபடி முதலிலிருந்து வந்து முழுச் சொல்லையும் சொன்னான். ஆசிரியை "ம், மேலே" என்றார். பாராட்டு, கைத்தட்டல் எதுவும் இல்லை. ஆனால் அவன் அடுத்த வரியை முன்னைவிடச் சத்தமாக வாசித்தான்.

நோட்டுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பேரெடுத்த பள்ளி நோட்டுகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தன. முத்து முத்தான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக். மூன்று நோட்டைப் புரட்டியதும்தான் உறைத்தது, மூன்றிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே இடத்தில் வரி உடைகிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதியவை. பக்கத்துப் பள்ளி நோட்டில் அடித்தலும் திருத்தலும் நிறைய. 'பள்ளி'யை ஒரு பிள்ளை 'பல்லி' என்று எழுதியிருந்தது. ஆசிரியை வட்டம் போட்டு, பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பல்லியை வரைந்திருந்தார். மூன்று நாள் தள்ளி அதே நோட்டில் அந்தச் சொல் சரியாக இருந்தது.

மூன்று தலைமை ஆசிரியர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "படிக்கத் திணறுற பிள்ளைக்கு நீங்க என்ன செய்வீங்க?" இந்தக் கேள்விக்காகவே என் கட்டத்தில் ஒரு தனி வரிசை சேர்த்திருந்தேன். பேரெடுத்த பள்ளியில் பதில் சட்டென்று வந்தது. "இங்க அப்படிப் பிள்ளைங்க கம்மிங்க மேடம். இருந்தா பேரன்ட்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிடுவோம்." சின்னப் பள்ளியில், "எனக்கு எல்லாப் பிள்ளையையும் தெரியும்மா. நாலாவது படிக்கிறவனை ரெண்டாவதோட உட்கார வச்சிடுவேன். ரெண்டு பேரும் படிச்சிருவாங்க" என்றார். பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியை பதில் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பினார். 9 பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி வாரியாக, எத்தனை எழுத்து தெரியும், நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறது. தினமும் காலையில் 20 நிமிடம் இந்த 9 பேரை மட்டும் தனியாக உட்கார வைக்கிறார்களாம். "இந்த மூணு பேரை அடுத்த மாசம் வெளிய அனுப்பிடலாம்" என்று ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். 61 எப்படி 76 ஆனது என்பது எனக்கு அந்த நோட்டில் கிடைத்தது.

என் மகள் திணறுவாள் என்று நான் நினைக்கவில்லை. திணறமாட்டாள் என்று எனக்குத் தெரியவும் தெரியாது. அமெரிக்க ஆய்வாளர் கானி ஜூல் 54 பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை தொடர்ந்து பார்த்து 1988-இல் எழுதினார்: ஒன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் திணறிய பிள்ளை, நான்காம் வகுப்பு முடிவிலும் திணறுவதற்கான வாய்ப்பு 88 சதவீதம். 54 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனால் தொடக்கப் பள்ளியில் பிடிக்காமல் விட்டால் பிறகு தானாகச் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் இது பொருந்தும். பின்தங்கியவர் யார் என்று எழுதி வைத்திருக்கிற பள்ளிக்கு, முந்தி ஓடுகிறவர் யார் என்பதும் தெரிந்திருக்கும்.

பக்கத்துப் பள்ளியில் எல்லாம் தேனும் பாலும் என்று நினைத்துவிட வேண்டாம். சிறுமிகள் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொன்று வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். நூலகம் என்று எழுதிய அறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பெயரைச் சொன்னார்கள். பேரெடுத்த பள்ளியில் கழிப்பறை பளிச். நூலகத்தில் பிள்ளைகள் உண்மையாகவே தரையில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு வரிசையிலும் அந்தப் பள்ளிக்கு முழு மதிப்பெண்ணை மனமாரக் கொடுத்தேன்.

கட்டடம், கணினி அறை, சுவரோவியம், சீருடை: இவற்றைக் கட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கணினி அறையால் வரும் நன்மை தீமை இரண்டும் கொஞ்சம்தான். விளையாட்டு இடைவேளையை மட்டும் விடவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கையில், தண்டனையாகவோ பாடத்துக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. மூன்று பள்ளியிலும் "வீட்டுப்பாடம் எழுதாட்டி விளையாட விடுவாங்களா?" என்று பிள்ளைகளிடமே கேட்டேன். சின்னப் பள்ளியில் மட்டும்தான் தயங்காமல் ஆமாம் என்றார்கள்.

40 நிமிடமும் 8 நிமிடமும்

தூரத்தை முதலில் சின்ன விஷயமாகத்தான் நினைத்தேன். என் கணவர்தான் கணக்குப் போட்டார். போக 40, வர 40. வருடத்துக்கு 200 வேலை நாள் என்று வைத்தால் 16,000 நிமிடம், அதாவது 266 மணி நேரம். பக்கத்துப் பள்ளிக்கு 53 மணி நேரம். மீதி 213 மணி நேரத்தைப் பேருந்து ஜன்னலுக்குக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் சொன்ன கணக்கு. காலையில் ஐந்தரைக்கு எழுப்ப வேண்டும் என்றால் இரவு எட்டரைக்காவது கண் மூட வேண்டும். எங்கள் வீட்டில் எட்டரைக்கு யார் கண்ணை மூடுகிறார்கள்?

பேருந்தைத் தவறவிட்டால் அன்றைக்குப் பள்ளி போச்சு. நடக்கிற தூரமாக இருந்தால் பத்து நிமிடம் பிந்தியாவது போய்ச் சேரலாம். வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராமல் போனால் அதை நாள்பட்ட விடுப்பு என்று பல நாடுகளில் கணக்கில் வைக்கிறார்கள். 200 நாளில் 20 நாள். மாதம் இரண்டு நாள் என்று கேட்டால் பெரிதாகத் தெரியாது. பள்ளியிலிருந்து "பிள்ளைக்கு உடம்பு சுடுது, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்தால் யார் போவது, எவ்வளவு நேரத்தில் போவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் கூட விளையாட வகுப்புத் தோழி இரண்டு தெரு தள்ளி இருப்பாளா, ஊரின் மறுகோடியில் இருப்பாளா என்பதையும்.

சின்னப் பள்ளியை ஏன் இரண்டாவதாக வைத்தோம்

உண்மையைச் சொன்னால் மனது அங்கேதான் அதிகம் ஒட்டியது. இரண்டு வகுப்பைச் சேர்த்து நடத்துவது வசதியில்லாத பள்ளியின் கடைசி வழி என்று நினைத்திருந்தேன். கொலம்பியாவில் 1970-களின் நடுவில் கிராமப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய எஸ்குவெலா நுவேவா முறை, இதையே பலமாக மாற்றிக்கொண்டது. பிள்ளைகள் வழிகாட்டி ஏடுகளை வைத்துத் தங்கள் வேகத்தில், குழுவாகப் படிப்பார்கள், ஆசிரியர் சுற்றி வருவார். அதற்கு ஆசிரியருக்குப் பயிற்சியும் அதற்கென்று எழுதிய பாட ஏடுகளும் வேண்டும். நான் பார்த்த வகுப்பில் அந்த ஏடுகள் இல்லை. இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது ஒன்றாம் வகுப்பு எழுத்தை எழுதிக்கொண்டே இருந்தது. ஆனால் ஆசிரியரின் குரல் ஒரு முறைகூட உயரவில்லை.

தயங்க வைத்தவை வேறு. ஒன்றாம் வகுப்பில் சேரப் பதிந்திருந்தவர்களில் சிறுமிகள் 2 பேர்தான். அவர்களோடு ஒத்துப்போகாவிட்டால் வேறு தோழி கிடையாது. ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் சரிப்படாவிட்டால் அது ஒரு வருடத்தோடு முடியாது, இரண்டு வருடம். மூன்று ஆசிரியரில் ஒருவர் விடுப்பு எடுத்தால் அன்றைக்குப் பள்ளியே தடுமாறும். எண்ணிக்கை இன்னும் குறைந்தால் பள்ளியை வேறொன்றோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. கூட்டத்தைக் கண்டால் ஒடுங்கிப்போகிற பிள்ளை, ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்து அடுத்த வகுப்புப் பாடத்தை எட்டிப் பார்க்கிற பிள்ளை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு அங்கே எழுதியிருப்பேன். என் மகள் பூங்காவில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு சண்டையும் போட்டுச் சமாதானமும் ஆகிறவள்.

பேரெடுத்த பள்ளிதான் சரி என்று ஆகிற வீடுகளும் உண்டு. பெற்றோரின் வேலை அந்தப் பக்கம் இருந்தால் தூரக் கணக்கே தலைகீழாகும். அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் வேறு பேச்சே இல்லை. பிள்ளைக்குக் கேட்பதில், பார்ப்பதில், பேசுவதில் சிரமம் இருந்து அதற்கான சிறப்பு ஆசிரியர் அங்கே மட்டும் இருந்தால் நான் எழுதிய எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அங்கே போங்கள்.

"அங்கே இடம் கிடைச்சும் விட்டுடுவியா" என்று உறவில் ஒருவர் கேட்டார். சிகாகோவில் குலுக்கல் முறையில் விரும்பிய பள்ளியில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு, கலன், ஜேக்கப், லெவிட் மூவரும் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது மேல்நிலை வகுப்புகளை. இடம் கிடைத்தவர்கள் தேர்வு மதிப்பெண்ணில் முந்தவில்லை. ஆனால் ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டியதும் கைதானதும் அவர்களிடையே குறைவு என்று அவர்களே சொன்ன பதில்களில் தெரிந்தது. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை பற்றி அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

விண்ணப்பத்தில் எழுதிய வரிசை

கடைசியாக ஒன்று, பலர் கோட்டை விடுகிற இடம். விண்ணப்பத்தில் மூன்று பள்ளிகளை வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். கிடைத்தால் கிடைக்கட்டும் என்று பேரெடுத்த பள்ளியை முதலில் எழுதிவிட்டு, பக்கத்துப் பள்ளியை இரண்டாவதாக எழுதலாமே என்று தோன்றும். அது இடங்களை எப்படி ஒதுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு முறையில், முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் கொடுப்பார்கள். உங்கள் முதல் விருப்பம் தவறிவிட்டால், இரண்டாவதாக எழுதிய பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கலாம், அப்போது வாசலுக்கு எதிரே வீடு இருந்தாலும் பயனில்லை. பாஸ்டன் நகரில் நெடுநாள் இப்படித்தான் இருந்தது. உண்மையாக எழுதியவர்கள் ஏமாறுகிறார்கள் என்று பொருளியலாளர்கள் எடுத்துக்காட்டிய பிறகு, 2005-இல் மாற்றினார்கள். புதிய முறை, டேவிட் கேலும் லாய்ட் ஷாப்லியும் 1962-இல் எழுதிய ஒரு கணிதக் கட்டுரையிலிருந்து வந்தது. அதில் நீங்கள் ஒரு பள்ளியை எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பது, அந்தப் பள்ளியில் உங்களுக்குள்ள முன்னுரிமையைக் குறைக்காது. இங்கிலாந்தில் முதல் விருப்பக்காரருக்கே முதலிடம் என்ற முறையை 2007-இல் வந்த சேர்க்கை விதிகள் தடை செய்தன.

எங்கள் விண்ணப்பத்தில் எந்த முறை என்று போட்டிருக்கவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதல்ல எழுதினவங்களுக்குத்தாங்க முதல்ல கொடுப்போம். ரெண்டாவது விருப்பம்னா இடம் மிச்சம் இருந்தாத்தான்" என்றார். வேலை எளிதாயிற்று. அங்கேயே நின்று, பேனா கடன் வாங்கி, முதல் கட்டத்தில் பக்கத்துப் பள்ளி, இரண்டாவதில் சின்னப் பள்ளி என்று எழுதினேன். மூன்றாவதில் பேரெடுத்த பள்ளி. மூன்றாவதாக எழுதினால் அங்கே இடம் கிடைக்காது என்று அவர் இரண்டு முறை எச்சரித்தார், தெரியும் என்றேன். வழியில் பக்கத்துப் பள்ளிக்குள் நுழைந்து தாழ்ப்பாள் என்ன ஆயிற்று என்று பார்த்தேன். கதவில் புதுத் துளைகள் இரண்டு போட்டிருந்தார்கள், தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.